மோர்க்குழம்பு என்றொரு பயனர்

ஏப்ரல் 24

இந்த நோட்டு தொழில்நுட்பக் குறிப்புகளுக்கு மட்டும். கோளாறு என்ன, எடுத்த முடிவு என்ன, அவ்வளவுதான். வீட்டுப் புலம்பல், ஊர் வம்பு, என் மச்சான் செல்வினைப் பற்றிய என் கருத்துகள் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

பின்னணி. செவலூரணி பேரூராட்சியில் எங்கள் பனையடித் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரும். எந்த இரண்டு நாள், எந்த நேரம் என்பது வால்வு திறக்கும் பேச்சிமுத்துவுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். வரும்போது வீட்டில் ஆள் இருந்து டிரம்மை நிரப்பியாக வேண்டும். என் மனைவி எப்சிபா ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை வைத்திருக்கிறேன். ஆகவே தண்ணீர் பிடிப்பது என் இலாகா. நேற்று மூன்றாவது முறையாகக் கோட்டைவிட்டேன்.

எப்சிபா கத்தவில்லை. காலி டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“இன்னொரு தடவ இது காஞ்சு கெடந்துச்சுன்னா தூத்துக்குடிக்குப் போயிருவோம். அண்ணன் வீட்டு மாடி ஆளில்லாமத்தான் கெடக்கு. போர் தண்ணி. எந்நேரமும் வரும்.”

செல்வின் வீட்டு மாடி. கடையை மூட வேண்டும். தினமும் மாடிப்படியில் அவர் வழிமறித்து, “மாப்ள, இன்னைக்கு என்ன சோலி?” என்று கேட்பார். சோலி இல்லை என்று தெரிந்துதான் கேட்பார். (இது கருத்து அல்ல, தகவல்.)

முடிவு: இணையதளம். பெயர் ‘தண்ணி வந்தாச்சா’. யார் வீட்டுக் குழாயில் முதலில் வருகிறதோ அவர்கள் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும், மற்ற எல்லார் போனும் கத்தும். சர்வரை வாடகைக்கு எடுக்கும் உத்தேசம் இல்லை. ஸ்கிரீன் உடைந்த பழைய லேப்டாப் ஒன்று பீரோ மேல் கிடக்கிறது. அதுதான் சர்வர்.

ஏப்ரல் 27

கோளாறு: தளம் செத்துவிட்டது.

காரணம்: எப்சிபா வேலைக்குப் புறப்படும்போது வழக்கம்போல வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

முடிவு: சுவிட்ச் மேல் ‘அணைக்காதே’ என்று காகிதம் ஒட்டினேன்.

ஏப்ரல் 28

அணைத்திருக்கிறாள். கட்டின பெண்டாட்டிக்கு இப்படியா எழுதுவது என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 29

‘தயவுசெய்து அணைக்க வேண்டாம்.’ தளம் ஓடுகிறது.

மே 2

கோளாறுகள் வரிசை கட்டி நிற்கின்றன. வீட்டு இணைப்பின் முகவரி நினைத்தபோது மாறுகிறது. மாறியதும் தளத்தை யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. முகவரி மாறினால் தானாகவே புதியதைப் பதியும்படி ஒரு நிரல் எழுதினேன். அது வேலை செய்தது. உடனே கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் உயிரோடு இருக்கிறது, ரவுட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. ரவுட்டருக்கும் ஒரு பேட்டரி வைத்தேன். பீரோ மேல் வெயில் இறங்கி லேப்டாப் கொதிக்கிறது என்பதால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். இப்போது எனக்கு வேர்க்கிறது.

மே 5

இருபத்து மூன்று வீடுகள் சேர்ந்துவிட்டன. பதிவு செய்ய போன் நம்பரும் ஒரு புனைபெயரும் போதும். நம்பர் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, புனைபெயர் மட்டும் தெரியும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. இந்த ஏற்பாட்டை நானே யோசித்தேன், ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

தெருக் கடைசி வீட்டு முத்துக்கனி அக்கா மட்டும் ‘முத்துக்கனி’ என்றே வைத்துக்கொண்டாள். “பேர மறைக்க நான் என்ன கோழி திருடுனேனா?” என்றாள். மற்றவர்கள் சூறாவளி, அப்பாவி, மோர்க்குழம்பு என்று இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். படித்த ஜனம்.

மே 7

கோளாறு: ‘வந்தாச்சு’ என்று அறிவிப்பு வருகிறது, ஓடிப்போய்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை.

காரணம்: தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும். புஸ்ஸென்று சத்தம் கேட்டதும் அமுக்கிவிடுகிறார்கள்.

முடிவு: ‘வந்தாச்சு’, ‘வரல’ இரண்டோடு மூன்றாவதாக ‘காத்து’ என்று ஒரு பட்டன். கூடவே, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுத ஒரு சின்னப் பெட்டி. உலகத்தில் எந்தப் பெரிய கம்பெனியும் காற்றுக்குப் பட்டன் வைத்ததில்லை.

மே 8

பேச்சிமுத்து கடைக்கு வந்தான். ஒன்பது வருஷமாகக் காண்டிராக்டில் வால்வு திறக்கிறான். இந்த வருஷம் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதாம். அதற்கான காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்தான். போகும்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“துரை அண்ணாச்சி, அந்த வந்தாச்சு பட்டன இன்னும் கொஞ்சம் பெருசா வைக்க முடியுமா? கையில கிரீஸ் இருந்தா சின்னப் பட்டன் சரியா அமுங்க மாட்டேங்குது.”

வைக்கிறேன் என்றேன். வால்வைத் திறக்கிறவனுக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்க இணையதளம் எதற்கு? எல்லாருக்கும் ஆலோசனை சொல்ல ஆசை.

மே 10

இது தீவிரமான கோளாறு. ‘வந்தாச்சு’ என்று பதிவாகிறது. தண்ணீர் அதற்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வருகிறது. காற்றுகூட வராத நேரத்தில். ஒரு முறை அல்ல, தொடர்ந்து மூன்று முறை. எல்லாமே மோர்க்குழம்பு என்ற அந்தப் பயனர் போட்டவை.

எதிர்காலத்தில் நடப்பதை ஒருவர் இப்போதே பதிவு செய்கிறார் என்றால் கடிகாரத்தில்தான் தவறு. சர்வரின் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது.

மே 13

லேப்டாப்பைப் பிரித்து, உள்ளே கடிகாரத்துக்கு உள்ள வட்ட பேட்டரியை மாற்றினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கிடைத்தது. மூடும்போது இரண்டு ஸ்குரு மிஞ்சிவிட்டது. தேவையிருந்தால் அதுவே கேட்கும்.

மே 14

மறுபடி மோர்க்குழம்பு. மறுபடி பத்து நிமிஷம் முன்னால்.

மே 16

இரண்டு நாளாகக் கடையைக் கவனிக்கவில்லை. நேர மண்டலத்தைச் சரிபார்த்தேன். இணையத்தில் உள்ள பொதுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன், அரை வினாடி வித்தியாசம் இல்லை. ஒரே செய்தி இரண்டு முறை பதிவாகிறதா, பழைய செய்தி புதிதாகக் காட்டுகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டேன். எப்சிபா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன, இன்னும் கடிகாரமா?”

“இது ஒனக்குப் புரியாது.”

“சரி. டிரம்மக் கழுவி வையுங்க. மோர்க்குழம்பு வந்தாச்சுன்னு போட்டிருக்கு.”

“அது தப்பான தகவல். அத நம்பாத.”

அவள் டிரம்மைக் கழுவினாள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் வந்தது. தற்செயல்.

மே 17

முடிவு எடுத்துவிட்டேன். கடிகாரத்தில் தவறில்லை. ஆகவே மோர்க்குழம்பு ஒரு பொய்யன். எவனோ வேலையில்லாதவன் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறான், அது பலிக்கிறது. தளத்தின் நம்பகத்தன்மை முக்கியம். மோர்க்குழம்பை முடக்கினேன்.

மே 19

தண்ணீர் வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் அறிவிப்பு வந்தபோது நான் ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் போனால் குழாய் இருமியது, அவ்வளவுதான். டிரம்மில் கால்வாசி.

எப்சிபா டிரம்மைத் தட்டவில்லை. நேராக அண்ணனுக்குப் போன் போட்டாள். சாயங்காலமே செல்வினிடமிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ்: “மாப்ள, மாடிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். ஒமக்குப் புடிச்ச கலர் எதுவும் உண்டாவே?”

பெயிண்ட் காய்வதற்குள் இன்னொரு தடவை டிரம் காய்ந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எப்சிபா சொல்லிவிட்டாள். கால்வாசி இருந்ததால் இந்த முறை மன்னிப்பு.

மே 20

முத்துக்கனி அக்கா, கூட நான்கு பெண்கள், கையில் காலிக் குடங்கள். கடை வாசலில் வந்து நின்றார்கள்.

“மோர்க்குழம்ப எதுக்கு நிறுத்துனியோ?”

“பொய் சொல்லுது அக்கா. தண்ணி வருமுன்னால வந்துட்டுங்குது.”

“வருமுன்னால சொன்னாத்தானய்யா குடத்த எடுத்துட்டு வர முடியும்! வந்த பொறவு சொல்லுததுக்கு மோர்க்குழம்பு எதுக்கு, எனக்கே கண்ணு தெரியுமே?”

வாதத்தில் ஓட்டை இல்லை. மோர்க்குழம்பை மீண்டும் சேர்த்தேன். ஆனால் கோளாறு கோளாறுதான். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மே 23

இந்த வாரத்தில் எங்களுக்கு இன்னும் ஒரு முறை பாக்கி. காலையில் மோர்க்குழம்பு முதன்முறையாகப் பெட்டியில் எழுதியது: ‘உங்க தண்ணிய மண்டபத்துக்குத் திருப்பச் சொல்லியாச்சு. இன்னைக்கு வராது.’

மண்டபம் என்றால் பேரூராட்சித் தலைவரின் மைத்துனர் நடத்தும் கல்யாண மண்டபம். இன்று அங்கே பெரிய இடத்துக் கல்யாணம். நான் இதைப் படித்து, இது எந்த வகைத் தரவு என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தெருவே கிளம்பிவிட்டது. முப்பது பெண்கள், ஆளுக்கு இரண்டு குடம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் வரிசையாகக் குடங்களை வைத்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் காரிலிருந்து இறங்கினால் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குடங்கள். முத்துக்கனி அக்கா பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாளாம். கேட்டதற்கு, “எங்க தண்ணியில வச்ச சாம்பார்தான?” என்றிருக்கிறாள்.

மத்தியானம் தெருவில் தண்ணீர் வந்தது. நான் டிரம்மை விளிம்புவரை நிரப்பினேன். தளம் தொடங்கியதிலிருந்து எனக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் கிடையாது.

மே 24

பேரூராட்சியின் குடிநீர் சூப்பர்வைசர் தனுஷ்கோடி கடைக்கு வந்தார். சேரில் உட்காரவில்லை.

“யாருவே அந்த மோர்க்குழம்பு?”

“தெரியாது சார்.”

“தண்ணிய மண்டபத்துக்குத் திருப்பச் சொன்னது எனக்கும் வால்வு ஆளுக ரெண்டு பேருக்கும்தான் தெரியும். பேச்சிமுத்து, சொடல. ரெண்டுல ஒருத்தன்தான் மோர்க்குழம்பு. நம்பரக் குடும். அவன வீட்டுக்கு அனுப்பிட்டு மறுவேல பாப்பேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரம், நேர மண்டலம், பேட்டரி, மிஞ்சின இரண்டு ஸ்குரு. தண்ணீர் வருமுன் சொல்கிறவன் தண்ணீரைத் திறக்கிறவன். தொட்டியடி வால்விலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகும். வெட்கத்தில் காது சுட்டது.

தனுஷ்கோடி குரலை இறக்கினார். நம்பரைக் கொடுத்தால் என் வீட்டுக்குத் தனியாக ஒரு லைன் போட்டுத் தருவாராம், தினமும் தண்ணீர். கொடுக்காவிட்டால், என் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதாக ஒரு புகார் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் மோட்டார் இல்லை. இருப்பது எப்சிபாவின் தையல் மிஷின் மோட்டார். அது குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது இடவசதிக்காக.

“நீரு தராட்டியும் நான் புடிப்பேன். திங்கக்கிழம பேச்சிமுத்துக்கு லீவு குடுத்திருக்கேன். அன்னைக்குச் சொடலதான் தெறப்பான், எப்பன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். மோர்க்குழம்பு முந்திக்கிட்டுன்னா சொடல. மூச்சு விடலன்னா பேச்சிமுத்து. நானே இங்க வந்து உக்காந்து பாப்பேன்.”

அவர் போனதும் மோர்க்குழம்பின் நம்பரை எடுத்து அடித்தேன். யாராயிருந்தாலும் எச்சரித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எதிரே தெரு முக்கில், வால்வுக் குழிக்குள்ளிருந்து ரிங் கேட்டது. பேச்சிமுத்து தலையை வெளியே நீட்டி, போனைப் பார்த்து, என்னைப் பார்த்தான்.

கடைக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். மனுஷன் முகம் சாம்பலாகிவிட்டது.

“ஊருக்கு நல்லது பண்ணணும்னெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஒரு நாளைக்கு நூறு போன். அண்ணே தண்ணி எப்ப, அண்ணே தண்ணி எப்ப. சோத்துல கைய வச்சா போன். ஒங்க பட்டன ஒரு அமுக்கு அமுக்குனா எல்லாவனும் வாய மூடிட்டு இருந்தான். அதான்.”

“மண்டபத்த எதுக்குய்யா எழுதுன?”

“தண்ணி வராட்டி என்னையத்தான திட்டுவாக? எங்க அம்மையச் சேத்துத் திட்டுவாக.” கை கிரீஸைச் சட்டையில் துடைத்தான். “பட்டியல் அடுத்த மாசம் வருது. இப்ப என் பேரு வெளிய வந்துட்டுன்னா ஒம்பது வருசமும் தண்ணியோட போச்சு.”

எதற்கு மோர்க்குழம்பு என்று பெயர் வைத்தான் என்று கேட்டேன். பதிவு செய்யும்போது அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

மே 25

காலையில் சபைக்குப் போனோம். போதகர் ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று ஞாபகமில்லை. என் தலைக்குள் தனி லைன் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் தண்ணீர். டிரம் ஒருநாளும் காயாது. செல்வின் தன் புதுப் பெயிண்ட்டை வைத்துக்கொண்டு அழகு பார்க்கட்டும். ஒரே ஒரு நம்பர். நான் கொடுக்காவிட்டாலும் நாளைக்கு எப்படியும் மாட்டத்தான் போகிறான். அப்படியிருக்க, நான் கொடுத்தால் என்ன?

இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோர்க்குழம்பு யாரென்று சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெருவுக்கே தெரியும்.”

“ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?”

“நான் ரெண்டு தடவ சொல்ல வந்தேன். நீங்க கடிகாரத்தப் பிரிச்சுக்கிட்டு, இது ஒனக்குப் புரியாதுன்னிய.” அரிசி களைந்துகொண்டே கேட்டாள். “நம்பரக் குடுக்கப் போறீங்களா?”

“குடுத்தா நாம தூத்துக்குடி போக வேண்டாம்.”

“குடுத்தா நான் மட்டும் போவேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

முடிவுகள்:

போன் நம்பர்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன. இனிமேல் கேட்கப்படவும் மாட்டாது.

ஒரே புனைபெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வரி மாற்றம். நான் பெருமையாக யோசித்த ஏற்பாட்டை நானே வெட்டினேன்.

பிறகு தெருக் கடைசிவரை நடந்துபோய், இந்தப் புதிய வசதியைப் பற்றி முத்துக்கனி அக்காவிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னபின் வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

மே 26

தனுஷ்கோடி காலையிலேயே வந்துவிட்டார். சர்வருக்கு ஒரு மானிட்டரை இணைத்து அவர் முன்னால் வைத்தேன். தெருச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம்.

‘மோர்க்குழம்பு: வந்தாச்சு.’

துள்ளி எழுந்து சுடலைக்குப் போன் போட்டார். “ஏல, தெறந்துட்டியா?”

“இல்ல சார். இப்பத்தான் பல் தேய்க்கேன்.”

‘மோர்க்குழம்பு: வரல.’

‘மோர்க்குழம்பு: காத்து.’

‘மோர்க்குழம்பு: வந்தாச்சு. கலங்கலா இருக்கு.’

‘மோர்க்குழம்பு: எங்க வீட்ல வரல, எவ வீட்ல வந்துச்சு?’

‘மோர்க்குழம்பு: சாருக்கு டீ குடுத்தாச்சா?’

அதன்பிறகு படிக்க முடியவில்லை, அவ்வளவு வேகம். தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எத்தன மோர்க்குழம்புவே இருக்கு ஒம்ம தெருவுல?”

“கோடைக் காலம் பாருங்க சார்.”

“நம்பர எடும்.”

“நம்பர் வாங்குறதில்ல சார். நேத்துலேர்ந்து.”

ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர்க்குழம்பு நிற்கவே இல்லை. கடைசியில் லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம், கொஞ்சம் புகை, திரை கறுத்துவிட்டது. அந்த இரண்டு ஸ்குருவும் தேவைப்பட்டிருக்கிறது. தனுஷ்கோடி எழுந்தார்.

“ஒமக்குத் தினம் தண்ணி குடுக்கலாம்னு இருந்தேன். இனி ஒம்ம குழாய்ல காத்து வந்தாலே பெருசு.”

கதவைத் திறந்தேன். தெரு நனைந்திருந்தது. எல்லா வாசலிலும் நிரம்பிய குடங்கள், வாளிகள், சோற்றுப் பானைகூட. சுடலை பல் தேய்த்து முடித்துத் திறந்திருக்கிறான், வந்திருக்கிறது, நின்றும் போயிருக்கிறது. நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் வந்ததா என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சார்கூட முக்கியமா பேசிட்டு இருந்தியோ, அதான் கூப்பிடல” என்றாள் முத்துக்கனி அக்கா.

தனுஷ்கோடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் உள்ளே போய் டிரம்மைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம்வரை கடையில் வேறு வேலை ஓடவில்லை. தூத்துக்குடிக்கு என்னென்ன சாமான் எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் மிஷின் மாடிப்படியில் ஏறாது.

எப்சிபா தெருக்காரர்களிடம் பேசிவிட்டு வந்தாள். பையை வைத்தாள். டிரம்மைத் தட்டினாள். போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

“அண்ணே, மாடிக்கு வேற ஆளப் பாரு. நாங்க வரல... இல்ல, டிரம்மு காலிதான்... ஆமா, இவரு வீட்டுலதான் இருந்தாரு. இருந்தும் காலி... ஏன்னு ஒனக்குச் சொன்னாப் புரியாதுண்ணே. வையி.”

போனை வைத்துவிட்டு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, “நிக்காதீங்க, கொடத்த எடுங்க. முத்துக்கனி அக்கா வீட்டுல போயி ஆளுக்கு ரெண்டு கொடம் எரந்துட்டு வருவோம்” என்றாள்.

எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அவள் அண்ணனிடம் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.